ஆவியோடு போகாத உப்பு: தருமபுரியின் தொடக்கப்பள்ளிகளில் பருப்பொருளின் நிலைகள்

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வது எந்த ஊரிலும் நல்ல அறிவுரை. தருமபுரி மாவட்டத்தில் அது பாதி அறிவுரைதான். காய்ச்சினால் கிருமி சாகும். இந்த மண்ணின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃபுளோரைடு அப்படியே இருக்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் 2 லிட்டர் எடுத்து, 1 லிட்டராகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டால், மிஞ்சிய நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம் இருக்கும். நீர் ஆவியாகிப் போய்விடும். கரைந்திருந்தது பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு, பல் உருவாகும் வயதில்தான் பல்லைக் கறையாக்குகிறது. ஏறத்தாழ எட்டு வயதுவரை அந்த ஆபத்து இருக்கிறது. ஆண்டுக்கணக்காக உடம்பில் சேர்ந்தால் எலும்பையும் மூட்டையும் தாக்கும். ஆக, தொடக்கப்பள்ளிக் குழந்தையின் வாயிலேயே நடக்கிற காரியம் இது. காய்ச்சுவது இதற்கு ஏன் உதவாது என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் குழந்தைக்கு வேதியியல் வேண்டாம். நீர் ஆவியாகும்போது எது போகிறது, எது நிற்கிறது என்ற ஒரே ஒரு செய்தி உறைத்தால் போதும். நான்காம், ஐந்தாம் வகுப்பு அறிவியலில் ‘பருப்பொருள்’ என்று வருகிற பாடம் அந்தச் செய்திக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. வகுப்பறையில் அது பெரும்பாலும் கல் திடம், பால் திரவம், காற்று வாயு என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுவதோடு முடிந்துவிடுகிறது.

செய்து கற்பது இதற்கு மருந்து என்பதில் இன்று யாருக்கும் மறுப்பில்லை. எந்தச் செயலைச் செய்வது என்பதில்தான் என் வாதம் இருக்கிறது. பனிக்கட்டி உருகுவதைக் காட்டுவதும் தண்ணீர் கொதிப்பதைக் காட்டுவதும் எளிது. குழந்தைகள் ஆர்வமாகச் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் முன்பே இருந்த தவறான விளக்கம் இந்தக் காட்சிகளால் அசையாமல் இருக்கக்கூடும். சில சமயம் இன்னும் உறுதிப்பட்டும் போகும்.

1983-இல் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்பர்ன், மார்க் காஸ்க்ரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் 8 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் கொதிக்கும் நீரைக் காட்டி, அந்தக் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். காற்று என்றார்கள் சிலர். வெப்பம் என்றார்கள் சிலர். பள்ளியில் சில ஆண்டுகள் அறிவியல் படித்த பெரிய பிள்ளைகளில் பலர், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிரிந்து வருகின்றன என்றார்கள். குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது நீரேதான். படித்ததால் தவறு போகவில்லை; தவறுக்குப் படித்த சொற்கள் கிடைத்துவிட்டன. குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறத்தில் துளிர்க்கும் ஈரத்தைப் பற்றிக் கேட்டபோதும் இதே கதை. உள்ளிருந்து கசிந்தது என்றார்கள், குளிர்ச்சியே வெளியே வந்து நீரானது என்றார்கள்.

இஸ்ரேலில் ரூத் ஸ்டாவி செய்த ஆய்வுகள் இன்னும் கூர்மையானவை. மூடிய குழாயில் அசிட்டோன் துளி ஒன்று ஆவியாகிக் கண்ணுக்கு மறைந்தபோது, குழாயின் எடை குறைந்துவிட்டது என்றோ, உள்ளே ஒன்றுமே இல்லை என்றோ பல குழந்தைகள் சொன்னார்கள். அதுபோன்ற மூடிய குழாயில் அயோடினை வைத்துச் சூடாக்கியபோது ஊதா நிற ஆவி எழுந்தது. நிறம் கண்ணில் பட்டதால், பொருள் உள்ளேதான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்கு எளிதாயிற்று. கண்ணுக்குத் தெரியாத வாயு குழந்தைக்குப் பொருளாகவே படுவதில்லை. மூன்று நிலைகளைப் பற்றிய பாடத்தின் முடிச்சு முழுவதும் இந்த மூன்றாம் நிலையில் இருக்கிறது.

திடமும் திரவமும் குழப்பமில்லாதவை என்று இதற்குப் பொருள் இல்லை. ஸ்டாவியும் ஸ்டாச்சலும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் கெட்டியாக இருப்பதையே திடம் என்று எடுத்துக்கொள்வதும், மாவு, பஞ்சு, துணி போன்றவற்றை எதில் சேர்ப்பது என்று தடுமாறுவதும் தெரிந்தன. தருமபுரி வீட்டில் இந்தத் தடுமாற்றத்தைத் தரும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. கேழ்வரகு மாவு கொட்டினால் ஓடுகிறது, டப்பாவின் வடிவத்துக்கு அடங்குகிறது. பாடநூல் வரையறைப்படி அது திரவமாகிவிட வேண்டும். களி பிசைந்தால் வளைகிறது. புளி உருண்டை கையில் அமுங்குகிறது.

இதைத் தீர்த்துவைக்கச் சொற்பொழிவு எதுவும் தேவையில்லை, ஒரு படி போதும். கேழ்வரகைப் படியில் அளக்கும்போது அது விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும். தலை தட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்று சந்தையில் தகராறு வருவதே இதனால்தான். அதே படியில் தண்ணீரைக் கோபுரமாக அளக்க யாராலும் முடியாது. தானியத்தின் ஒவ்வொரு மணியும் தன் வடிவத்தை விடாமல் வைத்திருக்கிறது, அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. மாவையும் ஒரு உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுக் குவித்துப் பார்த்தால் அதற்கும் இதே விதிதான் என்று குழந்தையே சொல்லிவிடும். திடத்துக்கும் திரவத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை நான் அறியேன். மாவட்டத்தின் பழைய வீடுகளில் ஒரு படியாவது மூலையில் இருக்கும்.

உருகுதல், உறைதலுக்கும் பாடநூல் சொல்லும் பனிக்கட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். மார்கழி, தை மாதக் காலைகளில் தருமபுரியில் எண்ணெய்ப் பாட்டில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுக் கிடப்பதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிலை வகுப்புக்குக் கொண்டுவந்து, வெயில் ஏற ஏற எப்போது உருகுகிறது என்று சுவரில் தொங்கும் வெப்பமானியோடு சேர்த்துக் குறித்துவைக்கலாம். உறைவதற்கு ஐஸ்பெட்டியின் குளிர் வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே உடையும். ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் உருகுநிலை உண்டு என்ற செய்தி, சொல்லாமலே உள்ளே போகும்.

இனி, அந்த மூன்றாம் நிலைக்கு வருவோம்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் வெல்ல ஆலைக் கொட்டகைகளில் அடுப்பு எரியும். சாற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். கொப்பரையில் ஊற்றி, சுண்ணாம்பு சேர்த்து, மேலே வரும் அழுக்கை வழித்து, கரும்புச் சக்கையை எரித்தே கொதிக்கவிடுகிறார்கள். நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறும்; பதம் வரும்போது பாகின் வெப்பம் 115 டிகிரியைத் தாண்டியிருக்கும். பதம் பார்ப்பவர் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து முடிவு செய்கிறார். பிறகு அச்சில் ஊற்றினால் திடம். ஒரே கொட்டகையில் மூன்று நிலைகளும் வரிசையாக வந்து போகின்றன. மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டும் பள்ளிகள் இதை ‘வெல்லம் தயாரிக்கும் முறை’ என்று எழுதவைத்துத் திரும்பிவிடக் கூடாது. கொப்பரையில் ஏறிய சாறு எத்தனை கிலோ, இறங்கிய வெல்லம் எத்தனை கிலோ என்று ஆலைக்காரரைக் கேட்க வேண்டும். விடை வந்ததும் அடுத்த கேள்வி தானாக எழும்: மீதி எங்கே? இனிப்பு ஏன் கூடவே போகவில்லை? இந்த இரண்டு கேள்விகளும் ஃபுளோரைடுக் கேள்வியின் இரட்டைப் பிறவிகள். சர்க்கரை நிற்கிறது, நீர் போகிறது. அங்கே நிற்பது இனிப்பு என்பதால் நமக்கு மகிழ்ச்சி. போர் தண்ணீரில் நிற்பது வேறு.

ஆவி என்று நாம் கைகாட்டுவது எதை என்பதையும் இங்கே சரிசெய்துவிட வேண்டும். கொப்பரையின் மேல் வெள்ளையாக எழுவதும், ஒகேனக்கல்லில் காவிரி பாறையில் மோதும்போது புகைபோலப் பரவுவதும் வாயு அல்ல, மிகச் சிறிய நீர்த்துளிகள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டியில் தண்ணீர் கொதிக்கும்போது மூக்குக்கு ஒட்டி ஒரு விரற்கடை இடம் வெறுமையாகத் தெரியும். அதற்கு அப்பால்தான் வெண்மை தொடங்கும். அந்த வெற்றிடம்போல் தெரிவதுதான் வாயு. ஆசிரியர் இதைத் தள்ளி நின்று காட்டினால் போதும். குழந்தைகள் கிட்டே போகக் கூடாது, நீராவி கொதிநீரைவிட மோசமாகச் சுடும். ‘வெள்ளையாகப் போகிறதே, அதுதான் நீராவி’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ‘வாயு கண்ணுக்குத் தெரியாது’ என்றும் சொன்னால் குழந்தை எதை நம்பும்?

கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் கொண்டுவர இரண்டே வழிகள்: மூடிவைப்பது, எடை போடுவது. ஒரே அளவு நீர் ஊற்றிய இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒன்றை இறுக மூடி, மற்றொன்றைத் திறந்து, வெயிலில் வைத்துத் தினமும் எடை எழுத வேண்டும். திறந்தது குறையும். மூடியது குறையாது, உள்சுவரில் மட்டும் முத்து முத்தாகத் துளிகள் நிற்கும். மறைந்த நீர் அழியவில்லை, மூடியால் தடுக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி அந்த எண்தான். சத்துணவுக் கூடத்தின் தராசோ, பக்கத்து மளிகைக்கடையின் மின்னணுத் தராசோ இதற்குப் போதும்.

காற்றுக்கு எடை உண்டு என்பதைக் காட்ட, குச்சியின் இரு முனைகளில் இரண்டு பலூன்களைக் கட்டும் சோதனை பல புத்தகங்களில் இருக்கிறது. அது பெரும்பாலும் சரியாக வராது, ஏனென்றால் பலூனுக்குள் காற்று அதிகம் அமுங்குவதில்லை. கால்பந்து மேல். காற்று குறைந்து, ஆனால் வடிவம் குலையாமல் இருக்கும் பந்தை முதலில் எடை போட்டு, பம்பால் நன்றாகக் கெட்டிப்படும்வரை அடித்து மறுபடி எடை போட்டால் 4 முதல் 6 கிராம் வரை கூடும். 1 கிராம் துல்லியம் உள்ள தராசு இதற்குத் தேவை. பம்பை அடித்துக் கை வலித்த பையன் அந்த 5 கிராமை மறக்கவே மாட்டான்.

ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத் துளிகளுக்கும் விடை சொல்லும் செயல் உண்டு. உள்ளே ரோஸ்மில்க் ஊற்ற வேண்டும். வெளியே வருவது நிறமில்லாத நீர். நக்கிப் பார்த்தால் இனிக்காது. கசிவு என்ற விளக்கம் அதோடு விழும். டம்ளரைத் தராசின் மேலேயே வைத்திருந்தால் எண் மெல்லக் கூடுவதையும் பார்க்கலாம்: காற்றிலிருந்து வந்து உட்கார்ந்த நீரின் எடை அது. பங்குனி வெயிலில் காற்று வறண்டிருக்கும்போது துளி சரியாக வராது, ஐப்பசி மழைக்குப் பின் செய்வது நல்லது. பாடத் திட்டத்தின் மாத அட்டவணை இதைக் கவனிப்பதில்லை. ஆசிரியர்தான் கவனிக்க வேண்டும்.

இப்படிச் செய்து கற்பதற்குத் தமிழ்நாட்டில் வரலாறு இல்லாமல் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று, ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப்புறக் கல்வி மையத்தின் முறையிலிருந்து செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007–08-இல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. கற்றல் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, தரையோடு ஒட்டிய கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப்பந்தலில் தொங்கும் குழந்தைகளின் படைப்புகள் எல்லாம் அந்த வகுப்பறைக்குப் புதுமுகம் தந்தன. ஆசிரியர் பாயில் இறங்கி உட்கார்ந்ததே பெரிய மாற்றம். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் தன் அட்டையை முடித்துப் போகும் அமைப்பு, எழுத்துக்கும் கணக்குக்கும் பொருந்திய அளவு அறிவியலுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. பாட்டில் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், இருவர் ஒருவரோடு ஒருவர் வாதாட வேண்டும், முன்கூட்டியே ஊகம் சொல்லித் தோற்க வேண்டும். அட்டை தனியாளுக்கானது, சோதனை கூட்டத்துக்கானது.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளின் மொழியையும் கணக்கையும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 28-இல் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ நடமாடும் அறிவியல் ஆய்வகத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது, ஆனால் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு. இரண்டும் நல்ல திட்டங்கள். இரண்டுக்கும் நடுவே தொடக்கப்பள்ளி அறிவியல் கைவிடப்பட்டதுபோல் நிற்கிறது. சோதனைப் பெட்டி வந்து சேரும்போது பிள்ளைக்கு 11 வயதாகியிருக்கும். ‘தண்ணீர் காய்ந்து இல்லாமல் போய்விட்டது’ என்ற எண்ணத்துக்கும் அதே வயது ஆகியிருக்கும்.

மாவட்டத்துக்கு உள்ளேயே வேறு வழியில் நடந்தவர்கள் உண்டு. நாகர்கூடலில் மீனாட்சி உமேஷ் தொடங்கிய புவிதம் கற்றல் மையத்தில் மண்ணும் நீரும் காற்றும் பாடத்தின் அச்சாக வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் வயலிலும் சமையலறையிலும் வேலை செய்தபடியே படிக்கிறார்கள். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கியில் அனுராதா, கிருஷ்ணா இணையர் தொடங்கிய ‘துளிர்’ மையம் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலையும் அறிவியலையும் சேர்த்தே கற்றுத் தந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் ‘துளிர்’ சிறுவர் இதழ் வேறு. பெயர் ஒற்றுமை மட்டும்தான். இந்த மையங்கள் சிறியவை, அரசுப் பள்ளியின் ஆசிரியர் பற்றாக்குறையோ பதிவேட்டுச் சுமையோ இவற்றுக்குக் கிடையாது. ஆகவே அப்படியே பெயர்த்து நட முடியாது. பொருளைக் கையில் எடுத்தபின் கேள்வி வர வேண்டும் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளிகளிலேயே பெரிய அளவில் செய்யலாம் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் சான்று. 1972-இல் கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், பின்னர் ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு விரிந்து, 2002-இல் மாநில அரசால் நிறுத்தப்படும்வரை 30 ஆண்டுகள் நடந்தது. அங்கே சோதனைப் பெட்டியைவிட முக்கியமானவை இரண்டு: புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் ஒன்று, ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தங்கள் வகுப்பில் எழுந்த சந்தேகங்களைப் பேசியது மற்றொன்று. ‘திடப்பொருளுக்கு மூன்று எடுத்துக்காட்டு தருக’ என்று கேட்கும் தேர்வு இருக்கும்வரை, தராசைத் தூக்கிவரும் ஆசிரியர் வீண்வேலை செய்பவராகவே பார்க்கப்படுவார். ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் தருமபுரியிலும் நடக்கின்றன; அவற்றில் ஒரு மணி நேரத்தை இத்தகைய சந்தேகங்களுக்கு ஒதுக்கலாம். கொதிக்கும் நீரில் வைத்த வெப்பமானி ஏன் 100 காட்டவில்லை என்பது அப்படி வரக்கூடிய சந்தேகம். கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கும் மேலே இருக்கும் தருமபுரி நகரில் நீர் 98-க்கும் 99-க்கும் இடையிலேயே கொதித்துவிடும். வெப்பமானி பழுது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

துகள் படங்களைத் தொடக்கப்பள்ளியில் அவசரப்பட்டு வரைய வேண்டாம் என்றும் சொல்வேன். நெருக்கமான புள்ளி, விலகிய புள்ளி என்று வரைந்து காட்டினால் குழந்தை அதை வரையக் கற்றுக்கொள்ளும். வாயுவைப் பொருளென்று நம்பாத மனம் அப்படியே இருக்கும். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் இடமும் எடையும் போதும்.

கடைசிச் செயல் ஊரின் நீரையே பற்றியது. மழைநீர், குழாயில் வரும் ஒகேனக்கல் நீர், போர் தண்ணீர் மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து, மூன்று எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி வெயிலில் காயவைத்தால், பொதுவாக மழைநீர்த் தட்டில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, போர் தண்ணீர்த் தட்டில் வெள்ளை வளையம் படியும். அந்த வெள்ளை பெரும்பாலும் கால்சியம், மக்னீசிய உப்புகள். ஃபுளோரைடு அதில் எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது, அதற்கு நிறம் மாறும் வேதிக்கரைசலால் தனியே பரிசோதிக்க வேண்டும். இதை ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வகுப்பில் பல்லில் கறை உள்ள குழந்தையை எடுத்துக்காட்டாக நிறுத்துவது கொடுமை. பாடம் தட்டில் இருக்கிறது, பிள்ளையின் வாயில் இல்லை.

அதே போர் தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, நடுவில் வெறும் கிண்ணம் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லை வைத்து வெயிலில் விட்டால், தாளின் அடியில் துளிகள் திரண்டு வழிந்து கிண்ணத்தில் சொட்டும். அந்த நீரைத் தட்டில் காயவைத்துப் பார்த்தால் வளையம் வராது. ஆவி உப்பைத் தூக்கிப் போவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று ஒரு தொடக்கப்பள்ளிக்குக் கிடைக்காது.

அப்படியானால் எல்லா வீட்டிலும் இப்படியே நல்ல நீர் எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு குழந்தை கேட்கும், கேட்க வேண்டும். ஒழுங்காகக் கட்டிய சூரிய வடிகலனே ஒரு சதுர மீட்டர் பரப்பில் நல்ல வெயில் நாளில் 3 முதல் 5 லிட்டர்தான் தரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 3 லிட்டர் கணக்கில் எத்தனை சதுர மீட்டர் வேண்டும், ஊரில் 400 வீடு இருந்தால் எவ்வளவு இடம் வேண்டும், ஐப்பசியில் பத்து நாள் மேகம் மூடினால் என்ன செய்வது என்று ஐந்தாம் வகுப்பே கணக்குப் போடலாம். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் செயலுக்கு வந்ததையும், காவிரி நீரைக் குழாயில் ஊர் ஊராகக் கொண்டுவர வேண்டியிருந்ததையும் அந்தக் கணக்கை முடித்த அன்றே சொல்லலாம்.